உள்ளே போக மறுத்த படுக்கையறை

டிரெய்லர் வீடுகளை வாடகைக்கு நிறுத்தும் எங்கள் பார்க்கில் யாருடைய டிரெய்லரிலாவது விளக்கு அணைந்தாலோ தண்ணீர் பம்பு நின்றாலோ, அந்த ஆள் முதலில் டிரெய்லரைச் செய்த கம்பெனியைத் திட்டுவார். திட்டி முடித்ததும் பதினேழாம் இடத்துக்கு நடந்துபோய் டெல்மர் ஆக்கர்மனின் கதவைத் தட்டுவார். டெல்மரும் வருவார். பழைய பூட்ஸ் கயிற்றில் கோத்த, கரண்ட் பார்க்கும் மஞ்சள் மீட்டர் ஒன்று கழுத்தில் தொங்கும். வந்த மனிதர் உடனே எதையாவது கழற்றுவார் என்று பார்த்தால், அதுதான் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கடைசியா எதுல கை வச்சீங்க?”

இதைக் கேட்டால் எல்லோருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கும் வந்தது. நான் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். வண்டியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பு உண்டு. எதிலும் கை வைக்கவில்லை என்று சாதித்தேன். அவர் என்னுடைய காப்பியை இரண்டு கோப்பை குடித்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாவது கோப்பை ஊற்றும்போதுதான், அன்று காலையில் புது பேட்டரி மாட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. பஸ்ஸில் கறுப்பு வயர் என்றால் மைனஸ். டிரெய்லரில் கறுப்புதான் பிளஸ், வெள்ளை மைனஸ். பஸ் ஓட்டிய திமிரில் மாற்றி மாட்டி, இரண்டு ஃப்யூஸையும் எரித்துவிட்டிருந்தேன். டெல்மர் சிரிக்கவில்லை. பஸ் ஓட்டியவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான் என்று மட்டும் சொன்னார். அதற்கு அவர் சிரித்தே இருக்கலாம்.

கான்சஸின் மேற்கு ஓரத்தில் எங்கள் பார்க். மொத்தம் முப்பத்தொரு இடம். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் கோதுமைக் கிடங்கின் வெள்ளைக் கோபுரம் தெரியும், எந்த நேரத்திலும் காற்று அடிக்கும். பாதிப் பேர் என்னைப் போல வேலை ஓய்ந்தவர்கள். மீதிப் பேர் காற்றாலைக்காரர்கள், ஒரு பருவம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். டெல்மரும் அவர் மனைவி லொரீனும் ஐந்து வருஷமாக இருந்தார்கள், ஆனால் இருப்பதற்காக வந்தவர்கள் இல்லை.

டெல்மர் நெப்ராஸ்காவில் முப்பத்துநான்கு வருஷம் தானியக் கிடங்குகளின் மோட்டார்களையும் சுவிட்ச் பலகைகளையும் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் வாங்கினார்கள். லொரீன் கதவின் உட்பக்கம் அமெரிக்க வரைபடம் ஒன்றை ஒட்டி, போய்வந்த மாநிலத்துக்கெல்லாம் வண்ணத்தாள் ஒட்டிக்கொண்டு வந்தாள். இருபத்தொன்பது ஒட்டியாயிற்று. முப்பதாவதாகக் கொலராடோவுக்குப் போகிற வழியில், எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் மயங்கி விழுந்தாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு வாரம் இருந்து பார்க்கலாம் என்று டெல்மர் டிரெய்லரைப் பதினேழாம் இடத்தில் நிறுத்தினார். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவள் வயதும் இதயமும் ஒத்துவராது என்று பிறகு தெரிந்தது. வரைபடத்தில் கொலராடோ வெள்ளையாகவே இருந்தது.

டயாலிசிஸ் நிலையம் எங்கள் பார்க்கிலிருந்து எட்டு நிமிஷம். அதை விட்டால் அடுத்தது தொண்ணூறு மைல். ஊரில் இன்னொரு பார்க் இருக்கிறது, ஆனால் பத்து வயதைத் தாண்டிய டிரெய்லரை அங்கே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெல்மரின் டிரெய்லருக்குப் பத்தொன்பது வயது. ஆகவே லொரீனின் உயிர் அந்தப் பதினேழாம் இடத்தில் இருந்தது என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

இனிச் சக்கர நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். பயணிகளின் டிரெய்லர் நிற்கும் இடத்தில் யாரும் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்பது எங்கள் மாவட்டத்தின் சட்டம். எங்களுக்கோ போக வேறு போக்கிடம் இல்லை. அதனால் நூற்றெண்பது நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு டிரெய்லரும் தன் சக்கரத்தில் உருண்டு வாசலைத் தாண்ட வேண்டும். தாண்டி, கோதுமைக் கோபுரத்தை இடப்பக்கமாகச் சுற்றி, திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கும். நாங்கள் பயணிகள் என்பது சட்டத்துக்கு அதோடு நிரூபணமாகிவிடும். திரும்பி வரப்போகிறவர்கள்தானே என்று கரண்ட் வயரையும் தண்ணீர்க் குழாயையும் இடத்திலேயே போட்டுவிட்டுப் போவோம். ஹார்லன் என்று ஒரு முன்னாள் கப்பல்படைக்காரர் பெரிய அண்டாவில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டு சில்லி காய்ச்சுவார். நான் இலவங்கப்பட்டைத் தூள் போட்ட இனிப்பு ரொட்டிச் சுருள் சுடுவேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதை வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

வாசலில் மேலாளர் ட்ருடி பட்டியலோடு உட்கார்ந்திருப்பாள். பகல் பன்னிரண்டு மணி வரைதான் கணக்கு. பார்க்கை வாங்கிய புது முதலாளிகள் டென்வரில் இருக்கிறார்கள். பன்னிரண்டு அடித்ததும் பட்டியலைப் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். தாண்டாத டிரெய்லரின் இடம் வரிசையில் காத்திருக்கும் காற்றாலைக்காரருக்குப் போய்விடும். ஏப்ரலில் இருபத்திரண்டாம் இடத்துக்காரர் டயர் வெடித்து நின்றுபோனார். மறுவாரம் அங்கே வேறு ஆள்.

ஜூன் மாதத்தில் லொரீன் படுக்கையிலிருந்து எழுந்திருக்கும்போது விழுந்தாள். எலும்பு தப்பியது, ஆனால் டெல்மர் கலங்கிப்போனார். மறுநாளே ஒரு கைப்பிடிக் கம்பி வாங்கிவந்து, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார். அவர்களுடைய படுக்கை இருப்பது ஸ்லைடில். ஸ்லைடு என்பது மேசை டிராயர் மாதிரி. நிற்கிற இடத்தில் சுவிட்சை அழுத்தினால், சின்ன மோட்டார் ஒன்று அறையின் ஒரு பகுதியை அப்படியே வெளியே தள்ளும். கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே தள்ளினால்தான் படுக்கையைச் சுற்றி மனிதர் நடக்க இடம் வரும். படுக்கையின் கால்மாட்டில், சுவரோரம் ஓடும் மரச்சட்டத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டெல்மர் விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்ட இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, உள்ளே கெட்டியான மரம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். நாலங்குலத் திருகாணி எட்டு போட்டார். முடித்ததும் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தார்.

“இதுல மாட்டையே கட்டலாம்,” என்றார்.

“பாத்தியா மாவிஸ், கல்யாணமாகி நாப்பத்தேழு வருஷம் கழிச்சு எனக்குக் கெடச்ச மரியாதைய,” என்றாள் லொரீன்.

மூன்று பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து அந்தக் கம்பியைப் பிடித்துத்தான் அவள் எழுவாள், உட்காருவாள்.

அக்டோபரில் சக்கர நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. வியாழன் லொரீனுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள். நான் ஒன்பது மணிக்கே கோபுரத்தைச் சுற்றிவிட்டு வந்துவிட்டேன். என் பந்தலின் கீழே மடக்கு நாற்காலி போட்டு, லொரீனைப் போர்வை சுற்றி உட்கார வைத்திருந்தோம். டெல்மர் பாத்திரங்களைத் தொட்டிக்குள் இறக்கி, அலமாரிக் கதவுகளைக் கட்டி, கடைசியாக ஸ்லைடு சுவிட்சை அழுத்தினார். மோட்டார் ஒரு உறுமல் உறுமி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவர் பதறவில்லை. பேட்டரியில் மீட்டரை வைத்தார். சும்மா இருக்கும்போது பன்னிரண்டரை வோல்ட், சுவிட்சை அழுத்தினால் ஒன்பதுக்கு இறங்கியது. எங்களைப் போலக் கரண்ட் கம்பத்திலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு இது வழக்கமான கோளாறு. உள்ளே விளக்கெல்லாம் கம்பத்துக் கரண்டிலேயே எரிந்துகொண்டிருக்கும். பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆனாலும் தெரியாது. ஸ்லைடு மோட்டார் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்படும். என் பேட்டரி போன வருஷம் வாங்கியது. அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை மாட்டி அழுத்தினார். அதே உறுமல், அதே டக்.

ஃப்யூஸ்களைப் பார்த்தார், நன்றாக இருந்தன. வண்டிக்கு அடியில் தவழ்ந்துபோய், எர்த் வயர் சட்டத்தில் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தார். துருப்பிடித்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினார். சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் ரிலேயை மாற்றினார். மோட்டாருக்குப் போகிற வயரிலேயே மீட்டரை வைத்து, என்னைச் சுவிட்சை அழுத்தச் சொன்னார். கரண்ட் குறையில்லாமல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தன் சின்ன நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக இருந்தது, அறை மட்டும் நகரவில்லை. மணி பத்தேகால்.

ஹார்லன் கரண்டியும் கையுமாக வந்து நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். கப்பலில் இப்படித்தான் ஒருமுறை என்று தொடங்கினார். அந்த மனிதருடைய கப்பலில் நடக்காதது உலகத்தில் எதுவும் கிடையாது. போய்ச் சில்லியைக் கிளறுங்கள், அடிப்பிடிக்கிறது என்று விரட்டினேன். டெல்மர் நடமாடும் மெக்கானிக்குக்கு போன் போட்டார். இரண்டு வாரம் கழித்துத்தான் வர முடியும் என்றான். இன்னொருவன் எடுக்கவே இல்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ட்ருடி வாசலிலிருந்து நடந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் டெல்மர் அடியிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்றார். ஒரே ஒரு நாள் வேண்டும் என்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ட்ருடி தரையைப் பார்த்தாள்.

“என் கையில இருந்தா உங்களுக்கு ஒரு வருஷமே குடுப்பேன் ஆக்கர்மன் சார். நான் டிக் போட்டு அனுப்பிடலாம். ஆனா வாசல்ல கேமரா வச்சிருக்காங்க, எண்ணிப் பாக்கறாங்க. என்னையும் சேத்துத்தான் பாக்கறாங்க.”

அலுவலகத்தின் பின்னறையில்தான் அவளும் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்தார்கள். வேலை போனால் அந்த இடமும் போகும். அவளைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

கரண்டை நம்பாமல் கையால் சுழற்றி இழுக்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாரின் பின்பக்கத்தில் கைச்சுழற்றி மாட்டுவதற்கு ஒரு முனை உண்டு. டெல்மர் அதை மாட்டிச் சுழற்றினார். கால் சுற்று போய் நின்றுவிட்டது. ஹார்லன் திரும்ப வந்து, கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, தம் கட்டி இழுத்தார். டெல்மர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அவர் கையும் அந்தக் குழாயில்தான் இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று படீரென்று உடைந்தது. பல்சக்கரத்தைத் தண்டோடு பிடித்து வைத்திருக்கும் ஆணி அது. அதன்பிறகு சுவிட்சை அழுத்தினால் மோட்டார் சுகமாக, லேசாகச் சுற்றியது. எதையும் இழுக்காமல் தனியாகச் சுற்றியது.

டெல்மர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் மேல் இரண்டு கையும் சும்மா கிடந்தன. அந்த மனிதருடைய கை சும்மா கிடந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முப்பத்தொரு டிரெய்லரில் முப்பது போய்வந்துவிட்டன. எல்லோரும் சில்லிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். யாரும் சாப்பிடவில்லை. அவர்களில் ஒருவர் விடாமல் எல்லோருடைய வண்டியையும் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான்.

அப்போது லொரீன் நாற்காலியிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

“டெல். எங்க எல்லாரையும் ஒண்ணு கேப்பியே. அத இன்னிக்கு நீ உன்னைக் கேட்டியா?”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கடந்த தடவை ஸ்லைடு ஒழுங்காக உள்ளே போய் வந்தது ஏப்ரலில். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் அந்த அறையில் எதில் கை வைத்தோம் என்று அவர் யோசிப்பது எனக்கே தெரிந்தது, ஏனென்றால் அதே நேரத்தில் நானும் யோசித்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் விளங்கியது.

உள்ளே போனோம். படுக்கையின் கால்மாட்டில் கம்பி ஒரு பக்கம் வளைந்து நின்றது. அதைச் சுற்றி மரம் பிளந்திருந்தது. அந்த மரச்சட்டம் ஸ்லைடுடையது. அறை நகரும்போது கூடவே நகர வேண்டியது. அதற்குப் பின்னால் டெல்மர் தட்டித் தட்டிக் கண்டுபிடித்த கெட்டியான மரம் டிரெய்லரின் உடம்பு. அது எங்கும் நகராது. லொரீன் விழக்கூடாது என்று நாலங்குலத் திருகாணி எட்டினால் நகர்வதையும் நகராததையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தோம். நகராத வீட்டில் இருக்கிறவர்கள் யாருக்கும் இந்தத் தப்பு வராது. வீடு நகரும் என்பதை மறந்துபோன எங்களுக்குத்தான் வரும்.

“நான்தான புடிச்சேன்,” என்றேன். அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

எட்டுத் திருகாணியையும் அவர் கையாலேயே கழற்றினார். வளைந்துபோயிருந்தன, சுலபத்தில் வரவில்லை. கம்பி கையோடு வந்தபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. அறைக்கு விடுதலை கிடைத்தது, ஆனால் அதை இழுக்கத்தான் இப்போது ஒன்றும் இல்லை. காலையில் ஏழு மணிக்கு அந்தக் கம்பியைக் கழற்றியிருந்தால் ஒரு சுவிட்சில் முடிந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை. நான்தான் இன்றுவரை எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தள்ளுவது என்று முடிவாயிற்று. ஹார்லன், நான், காற்றாலைக்காரர்கள் நாலு பேர், வெளிப்பக்கச் சுவரில் தோளைக் கொடுத்தோம். டெல்மர் உள்ளே நின்று எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று குரல் கொடுத்தார். ட்ருடி பட்டியலை வாசல் நாற்காலியில் போட்டுவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். அறை முனகிக்கொண்டு ஒரு சாண் போனது, பிறகு இன்னொரு சாண். வலப்பக்கம் முந்திக்கொண்டு, இடப்பக்கம் பின்தங்கி, கோணலாகத்தான் போனது. நேராக்க நேரம் இல்லை. கடைசித் தள்ளலில் உள்ளே ஏதோ நெரியும் சத்தம் கேட்டது. லாரியில் சரக்குக் கட்டும் பட்டையை ஹார்லன் எடுத்துவந்து டிரெய்லரைச் சுற்றிக் கட்டினார். ஐயோ பாவம், அந்த நேரத்தில் கப்பலைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டும்போது பன்னிரண்டாக எட்டு நிமிஷம். லொரீனைத் தூக்கி ஏற்ற நேரமில்லை. போய்ட்டு வா, நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று அவள் கையசைத்தாள். டிரெய்லர் கோணல் அறையோடு வாசலைத் தாண்டும்போது பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருந்தது. ட்ருடி எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயருக்கு நேராகக் கையெழுத்து மாதிரிப் பெரிய டிக் ஒன்று போட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லாம் தப்பித்தது என்றுதான் அப்போது நினைத்தோம்.

ஸ்லைடு மறுபடி வெளியே வரவில்லை.

கோணலாகப் போய்ச் சிக்கிக்கொண்டதை உள்ளிருந்து தள்ளுவதற்குப் படுக்கை இடம் விடவில்லை. வெளியிலிருந்து இழுப்பதற்குப் பிடி எதுவும் இல்லை. பல்சக்கரம் கடித்து ஓடுகிற பல்பட்டை ஒன்று வளைந்திருந்தது. அந்த டிரெய்லரைச் செய்த கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது; அந்தச் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்த மெக்கானிக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, தலையைச் சொறிந்தான். சுவரை அறுத்தால்தான் உண்டு, அறுத்தால் மழைக்குத் தாங்காது என்றான்.

படுக்கை எதிர்ப்பக்க அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றது. லொரீன் பிடித்துக்கொண்டு நடக்கும் நடைவண்டி அந்தப் பக்கம் நுழையவே முடியாது. சாப்பாட்டு மேசையை இறக்கி, இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் வைத்தால் ஒரு குட்டிப் படுக்கை ஆகும். அதில்தான் படுத்தாள். கம்பியை அங்கே மாட்டலாம் என்று டெல்மர் சுவரெல்லாம் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் அட்டை மாதிரிப் பலகை. கெட்டியான இடம் ஒரு சாண்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் தட்டுகிற சத்தம் ஒரு வாரம் என் டிரெய்லர் வரை கேட்டது. கடைசியில் அவள் எழும்போதெல்லாம் முழங்கையை நீட்டிக்கொண்டு அவரே நின்றார். என் இடத்துக்கு வந்துவிடு என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் வருவாள். ஒருநாள் அப்படிப் படுத்துக்கொண்டு, முழங்கையைவிடக் கம்பிதான் தேவலாம், அது பெருமூச்சு விடாது என்றாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, டயாலிசிஸ் நாற்காலியிலேயே லொரீனின் இதயம் நின்றுவிட்டது. விழவில்லை, அடிபடவில்லை. படுக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரே சொன்னார். நானும் டெல்மரிடம் அதையே சொன்னேன். எதிலும் கை வைக்கவில்லை என்று சாதிக்கிறவர்களிடம் தலையாட்டுவாரே, அதே மாதிரித் தலையாட்டினார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அவளுக்காக அழுதேனா, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கைக்காக அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகும் கூப்பிட்டால் வருவார். மீட்டரை வைப்பார், சரிசெய்வார், போவார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்பதை விட்டுவிட்டார். அதனால் எல்லா வேலைக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று.

ஏப்ரலில் சக்கர நாளுக்கு முந்தின நாள் காலையில் அந்தக் கம்பியோடு என் வாசலில் நின்றார். வளைவைத் தட்டி நேராக்கியிருந்தார். உங்கள் குளியலறையில் பிடி இல்லை, மாட்டித் தருகிறேன் என்றார். எனக்கென்ன வயசாகிவிட்டது என்று கேட்க வாயெடுத்தேன், பிறகு வழியை விட்டேன். இந்தத் தடவை என்னைப் பிடிக்கச் சொல்லவில்லை. தனியாகவே தட்டிப் பார்த்து, இடம் குறித்துக்கொண்டார். திருகாணியை எடுத்தவர் போடாமல் நின்றார்.

“மாவிஸ், இந்தச் சுவரு எங்கயும் போகாதில்ல?”

என் டிரெய்லரில் ஸ்லைடே கிடையாது. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போகாது டெல்மர் என்றேன். அப்படியும் அவர் வெளியே போய், சுவரின் மறுபக்கத்தைப் பார்த்து, கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு வந்துதான் மாட்டினார்.

மறுநாள் எட்டு மணிக்கு முதல் ஆளாக அவருடைய டிரெய்லர் வாசலுக்குப் போனது. அவருக்கு உள்ளே இழுக்க எதுவும் இல்லையே. சில்லி இன்னும் கொதிக்கவில்லை. இரண்டு ரொட்டிச் சுருளைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ட்ருடி டிக் போட்டு, சீக்கிரம் சுற்றிவிட்டு வாருங்கள், சில்லி காலியாகிவிடும் என்றாள். கோபுரத்தடியில் நாங்கள் எல்லோரும் இடப்பக்கம் திரும்புவோம். அவர் நேராகப் போனார். கொலராடோ சாலை அது.

நான் பதினேழாம் இடத்துக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். கரண்ட் வயர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. இரண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, தரையைப் பெருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ட்ருடியிடம் சொல்லலாம் என்று வாசலுக்குப் போனேன், அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லத் தோன்றவில்லை. பன்னிரண்டு அடித்துப் பட்டியலை அனுப்பிய பிறகும் அவருக்காக ஒரு கிண்ணம் சில்லியை மூடி வைத்திருந்தாள்.

குளியலறைக் கம்பி இன்னும் அப்படியே இருக்கிறது. சத்தியமாக எனக்கு அது தேவையில்லை, என் கால் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தினமும் குளித்துவிட்டு வெளியே வரும்போது ஒருமுறை அதைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். அசைவதே இல்லை.